உபத்திரவம் வந்தும் என் விசுவாசம் வளரவில்லையே, பாஸ்டர்?

கேள்வி:

பாஸ்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். மூன்று வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். அன்றிலிருந்து அப்பா தேவைக்கு மட்டும்தான் என்னிடம் பேசுகிறார். அம்மா என் முகத்தைப் பார்த்தாலே அழுகிறார். குடும்ப நிகழ்ச்சிகளுக்கு என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள். அலுவலகத்திலும் கேலி. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. போன மாதம் புதிதாக வந்த மேலாளர் எல்லோர் முன்னாலும் “நீங்கள் கிறிஸ்தவரா?” என்று கேட்டார். “இல்லை” என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் சரியான தூக்கம் இல்லை, ஜெபமும் வரவில்லை. சபையில் எல்லோரும், “உபத்திரவம் வந்தால் விசுவாசம் வளரும், சந்தோஷமாயிருங்கள்” என்கிறார்கள். நான் வளரவில்லை ஐயா, காய்ந்துபோய்க் கிடக்கிறேன். என்னிடம் உள்ள ஏதோ பாவத்துக்குத் தண்டனையா இது? ஆண்டவர் என்னை மறுதலித்துவிடுவாரா? வீட்டைவிட்டு வெளியேறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இது போதாதென்று, அடுத்த மாதம் சபையில் என் பாடுகளைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லவா? ஒரே ஒரு ஆறுதல், அலுவலகத்தில் வேறு காரணத்துக்காக எல்லோரும் ஒதுக்கிவைத்திருக்கும் ஒரு அக்காவோடு இப்போது மதியம் சேர்ந்து உட்காருகிறேன். முன்பு அவரை நான் கவனித்ததே இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு வார்த்தை தவறாகச் சொல்லிவிட்டு ஒரு மாதமாகத் தூங்காமல் இருக்கிறீர்கள். ஆண்டவர்மேல் அக்கறை இல்லாதவருக்கு அந்த “இல்லை” அன்று சாயங்காலமே மறந்திருக்கும். உங்கள் விசுவாசம் அடிபட்டிருக்கிறது, களைத்திருக்கிறது. செத்துப்போகவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

உபத்திரவம் வந்தால் விசுவாசம் வளரும் என்று சபையில் சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது பாதி உண்மை, பாதி உண்மையால் நீங்கள் காயப்பட்டிருக்கிறீர்கள். பாடுகள் தாமாகவே ஒருவரை வளர்த்துவிடும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. விதைக்கிறவன் உவமையை எடுத்துப் பாருங்கள். கற்பாறையில் விழுந்த விதையைப் பற்றிச் சொல்லும்போது, வசனத்தினிமித்தம் உபத்திரவமும் துன்பமும் வந்தவுடனே இடறிப்போகிறவர்கள் உண்டு என்று ஆண்டவரே சொல்கிறார். ஒரே வெயிலில் ஒரு பயிர் விளைகிறது, இன்னொன்று கருகுகிறது. கருகியதற்கு அவர் சொன்ன காரணம், வேர் இல்லை என்பது. ஆகவே ‘எவ்வளவு பாடுபட்டேன்’ என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை. இந்த நாட்களில் என் வேருக்கு என்ன கிடைக்கிறது, யார் என்னோடு இருக்கிறார்கள், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்ல முடிகிறதா என்பவைதான் உங்களுக்கு உதவும் கேள்விகள்.

மனநல ஆலோசனைத் துறையில் இருக்கிறவன் என்ற முறையிலும் ஒன்று சொல்கிறேன். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பெரிய அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்களிடம் ஏற்படும் வளர்ச்சியை 1990களில் முறையாக ஆராயத் தொடங்கினார்கள். அவர்கள் அழுத்திச் சொன்ன இரண்டு விஷயங்கள் உங்களுக்குப் பொருந்தும். வளர்ச்சியைக் கொண்டுவருவது அடி அல்ல, அடி விழுந்த பிறகு ஒருவர் அதோடு நடத்தும் போராட்டம். அப்புறம், வளர்ச்சி வந்துவிட்டால் வேதனை போய்விடும் என்பதும் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே காலத்தில் இருக்கும். அழுதுகொண்டே வளர்கிறவர்கள் உண்டு. வளர்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

இதை வேதம் முன்பே காட்டியிருக்கிறது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று ரோமருக்கு எழுதிய அதே பவுல்தான், ஆசியாவில் தனக்கு நேர்ந்ததைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தங்கள் பலத்துக்கு மிஞ்சிய பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதினார். வெட்கப்பட்டு மறைக்கவில்லை, சபையில் வாசிக்கப்போகிற கடிதத்திலேயே எழுதிவைத்தார். சந்தோஷமாயிரு என்று உங்களிடம் சொல்கிறவர்கள், சிலுவைக்கு முந்திய இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சொன்னவர் விசுவாசக் குறைவினால் சொல்லவில்லை. சோதனைகளை மிகுந்த சந்தோஷமாக எண்ணுங்கள் என்று யாக்கோபு எழுதியது உண்மைதான். ஆனால் அந்த வசனத்தை அழுகிறவர் முகத்துக்கு நேரே நீட்ட யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து. யோபுவின் சிநேகிதர்கள் செய்த மிக நல்ல காரியம், முதல் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

ஜெர்மனியில் நாஜி ஆட்சியை எதிர்த்த லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1943 ஏப்ரலில் கைதானார், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். பெர்லினில் டேகல் சிறையில் இருந்தபோது, 1944இல், ‘நான் யார்?’ என்று ஒரு கவிதை எழுதினார். சிறைக் காவலர்கள் தன்னை அமைதியானவர், உறுதியானவர் என்கிறார்கள், ஆனால் உள்ளுக்குள் தானோ கலங்கி, ஏங்கி, ஜெபிக்கக்கூட முடியாமல் களைத்து வெறுமையாக இருப்பதாக அதில் சொல்கிறார். இந்த இருவரில் நான் யார் என்ற கேள்விக்கு அவர் விடை கண்டுபிடிக்கவில்லை. தான் யாராக இருந்தாலும் தேவனுக்குத் தெரியும், தான் தேவனுடையவன் என்று அவர் கையில் ஒப்படைத்து முடித்துவிட்டார். இன்று உலகம் முழுக்க விசுவாச வீரன் என்று பேசப்படும் ஒருவருக்கும் ஜெபம் வராத நாட்கள் இருந்தன. உங்களுக்கு வந்திருக்கும் வறட்சி, அந்நியமான நோய் அல்ல.

சரி, ஜெபம் வராதபோது என்ன செய்வது? நீளமாக ஜெபிக்க முயன்று தோற்று, அந்தத் தோல்வியை இன்னொரு குற்றமாகச் சுமக்காதீர்கள். கொஞ்ச காலத்துக்குச் சங்கீதங்களையே உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக 88ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதரும் தோழரும் தூரமாகிவிட்டார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் ஆரம்பம் முதல் கடைசிவரை தேவனை நோக்கியே பேசுகிறது. இப்படி ஒரு ஜெபமும் வேதத்துக்குள் இடம்பெற்றிருப்பதை நான் பெரிய கிருபையாக நினைக்கிறேன். ஒரு நாளில் அதில் இரண்டு வசனத்தைச் சத்தமாக வாசித்தால் போதும். அதுவும் முடியாத நாளில், சபையில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் “இன்று எனக்காக நீங்கள் ஜெபியுங்கள், என்னால் முடியவில்லை” என்று செய்தி அனுப்புங்கள். நடக்க முடியாத திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியது அவனுடைய விசுவாசம் என்று மாற்கு சொல்லவில்லை. தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு அவனோடு பேசினார்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். எலியா தீர்க்கதரிசி, தன்னைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் பேசியது அதற்குப் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், மனம் சோர்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்து, கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடாமல் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது, ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் வாரக்கடைசிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது அந்த “இல்லை”. கடிதம் முழுவதிலும் உங்களை அழுத்துவது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட மாட்டேன். மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் என் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன் என்பது ஆண்டவரின் வார்த்தை. அதைத்தான் நினைத்துப் பயப்படுகிறீர்கள். ஆனால் அந்த வார்த்தையை நேரில் கேட்ட பேதுரு மூன்று முறை மறுதலித்தார், சபித்தும் சத்தியம்பண்ணியும் மறுதலித்தார். அவருக்கு நடந்ததை வைத்துத்தான் அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டும். பயத்தில் வழுக்கியவருக்கும், கிறிஸ்து வேண்டாம் என்று முடிவெடுத்துத் திரும்பிப் பார்க்காமல் போனவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சொல்லியிருந்தார். விழப்போகிறார் என்று தெரிந்தே, விழுவதற்கு முன்பே ஜெபித்துவைத்திருந்தார். கூடவே, நீ குணப்பட்டபின் உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று வேலையும் கொடுத்தார். புதிய ஏற்பாட்டில் பாடுகளைப் பற்றி அதிகம் பேசும் நிருபங்களில் ஒன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பாடுகளைக் கண்டு ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு முன் நடுங்கிப்போன அதே பேதுருவின் பெயரில்.

ஆதிச் சபைக்கும் இந்தக் கேள்வி மிகக் கடுமையாக வந்தது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசர் டெசியஸ், பேரரசில் வாழ்ந்த எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் அதற்கு அத்தாட்சிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். எகிப்தின் மணலில் அந்தப் பத்திரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன் பலியிட்டேன் என்ற மாதிரி வாசகம். ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு டெசியஸ் போரில் இறந்து, புயல் ஓய்ந்ததும், இவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு சபையின் வாசலுக்கு வந்தார்கள். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா?

ரோமாபுரியில் நோவேஷியன் என்ற மூப்பர், சபை அவர்களை மறுபடி சேர்க்கவே கூடாது என்று பிரிந்து போனார். அவருடைய பிரிவு சில நூற்றாண்டுகள் நீடித்தது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன் வேறு வழியில் போனார். பலியிட்டதையும், பத்திரம் மட்டும் வாங்கியதையும் பிரித்துப் பார்த்தார். மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்தார், அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிடச் சொன்னவர்களையும் கண்டித்தார். ஆனால் கதவை நிரந்தரமாக மூடவில்லை. சீக்கிரமே இன்னொரு உபத்திரவம் வரப்போகிறது என்று தெரிந்தபோது, அவரும் மற்ற ஆயர்களும் ஒரு முடிவெடுத்தார்கள். மனந்திரும்பிக் காத்திருந்தவர்களை உடனே திருவிருந்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் போராட்டத்துக்கு அனுப்பப்போகிறவர்களை நிராயுதபாணிகளாக விடக்கூடாது. இந்தக் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருமுறை விழுந்தவர்களை, அடுத்த முறை நிற்கப்போகிறவர்களாகப் பார்த்தார்கள்.

சிப்ரியனைப் பற்றி இன்னொன்றும் உண்டு. டெசியஸின் நாட்களில் அவர் தலைமறைவாக இருந்தார், மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதியே சபையை நடத்தினார். ஆயரே ஓடிவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, வலேரியன் பேரரசர் காலத்தில், அவர் ஓடவில்லை. 258 செப்டம்பர் 14 அன்று தன் ஊர் மக்கள் முன்னிலையில் தலை வெட்டப்பட்டு இரத்தசாட்சியானார். மனிதர் ஒருவர்தான். இடையில் எட்டு ஆண்டுகள் இருந்தன. உங்களுக்கு இப்போது ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஆண்டவரிடம் அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், ஒரு முறை. தினமும் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது மன்னிப்பை நம்பவில்லை என்று காட்டுமே தவிர, அதிகப் பரிசுத்தத்தைக் காட்டாது. பிறகு சபையில் முதிர்ந்த ஒருவரிடம், உங்கள் போதகரிடமோ ஒரு மூத்த சகோதரியிடமோ, நடந்ததைச் சொல்லுங்கள். தனியாகச் சுமக்கும்போதுதான் அது இவ்வளவு கனக்கிறது. மேலாளரிடம் போய் இப்போதே திருத்தியாக வேண்டும் என்று உங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இன்னொரு சந்தர்ப்பம் தானாக வரும். “அன்று நீங்கள் திடீரென்று கேட்டதால் தடுமாறிவிட்டேன், நான் கிறிஸ்தவள்தான்” என்று ஒரு வரி போதும். அதற்குத் தயாராக இருங்கள், அதைத் தேடி அலைய வேண்டாம்.

இது தண்டனையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கிறிஸ்தவனாயிருப்பதால் பாடுபடுகிறவன் வெட்கப்பட வேண்டாம் என்றும், ஏதோ புதுமை நடந்ததுபோலத் திகைக்க வேண்டாம் என்றும் பேதுரு எழுதியது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்களை ஆண்டவர் பாக்கியவான்கள் என்றார், குற்றவாளிகள் என்று சொல்லவில்லை.

ஆனால் பேதுரு அந்த இடத்திலேயே இன்னொன்றையும் சேர்க்கிறார். அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகப் பாடுபடாதிருங்கள் என்கிறார். நமக்கு வரும் எல்லா எதிர்ப்பையும் உபத்திரவம் என்று எழுதிவிட முடியாது. மற்றவர்கள் நம்பிக்கையை இழிவாகப் பேசியதாலோ, வேலையில் கவனக் குறைவாலோ வரும் கோபத்துக்கு நாம்தான் பொறுப்பு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நேர்மையாக ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஏதாவது இருந்தால் மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்து நில்லுங்கள்.

அலுவலகத்தில் நிமிர்ந்து நிற்பது என்றால் சகித்துக்கொண்டு சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. பிரதான ஆசாரியனின் சேவகன் அறைந்தபோது இயேசு, “நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று நியாயம் கேட்டார். பிலிப்பியில் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு ரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்று பவுல் மறுத்துவிட்டார். வேறொரு சமயம், வாரினால் அடிக்கக் கட்டியபோது தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். கடைசியில் இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசருக்கே, அபயமிட்டு மேல்முறையீடு செய்தார். மறு கன்னத்தைக் காட்டுவது பழிவாங்காமல் இருப்பதற்கான கட்டளை, உரிமையைக் கைவிடச் சொல்லும் கட்டளை அல்ல. மதத்தைத் தேர்ந்துகொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்று 1948இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. பதவி உயர்வு ஏன் தள்ளிப்போனது என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். கேலிப் பேச்சுகளைத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். காரணம் வேலைத் திறமை என்றால் திருத்திக்கொள்ளலாம். உங்கள் விசுவாசம்தான் காரணம் என்று தெரிந்தால் முறைப்படி புகார் கொடுக்கலாம், உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் பேசிவிட்டு.

வீடு இன்னும் கடினமான இடம். 203ஆம் ஆண்டு கார்த்தேஜில் இரத்தசாட்சியாக மரித்த பெர்பெத்துவா என்ற இளம் தாய், சிறையில் தானே எழுதிய குறிப்புகளை விட்டுச்சென்றிருக்கிறாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு வாக்கில். அவள் திரும்பத் திரும்ப எழுதியிருப்பது, தன்மேல் ஏவப்படவிருந்த காட்டு மிருகங்களைப் பற்றி அல்ல, தன் அப்பாவைப் பற்றி. என் நரைத்த தலையைப் பார்த்து இரங்கு என்று அவர் காலில் விழுகிறார், அழுகிறார், கோபப்படுகிறார். விசாரணையில் அவரை அடிக்க அதிகாரி கட்டளையிட்டபோது, அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் துக்கப்பட்டேன் என்று எழுதுகிறாள். விசுவாசத்தை விடவில்லை, அப்பாவை வெறுக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தாங்குவது எவ்வளவு வலி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அம்மாவின் கண்ணீரை எதிரியின் ஆயுதமாகப் பார்க்காதீர்கள். மகளை இழந்துவிட்டோமோ என்ற பயம்தான் அந்தக் கண்ணீர். விவாதம் வேண்டாம், வசனமும் வேண்டாம். “நான் உங்கள் மகள்தான், எங்கும் போய்விடவில்லை” என்று சொல்லுங்கள், சொன்னதை நம்பும்படி நடந்துகொள்ளுங்கள். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போவது, அப்பாவுக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது, இவையெல்லாம் வருடக்கணக்கில் பேசும். அப்பா பதில் பேசாவிட்டாலும் தினமும் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

இதற்குப் பிறகும் வெளியேற வேண்டிய நிலை வரலாம். வீட்டில் அடி விழுந்தால், அடைத்துவைத்தால், உயிருக்கு மிரட்டல் வந்தால், வெளியேறுங்கள். யோசிக்க வேண்டியதே இல்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் ஆண்டவர். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருந்த சிமிர்னா நகரத்தின் வயதான ஆயர் பாலிகார்ப்பும், பிடிக்க வருகிறார்கள் என்றதும் முதலில் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனார், அங்கிருந்து இன்னொரு பண்ணைக்குப் போனார். பிடிபட்ட பிறகுதான், 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், எப்படித் தூஷிப்பேன் என்று உறுதியாக நின்றார். அதே காலத்தில் குவின்டஸ் என்ற ஒருவன் வீரமாகத் தானே போய்ச் சரணடைந்தான், மிருகங்களைப் பார்த்ததும் பயந்து பலியிட்டுவிட்டான். தாங்களாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று சிமிர்னா சபை தன் கடிதத்தில் தெளிவாக எழுதியது. ஆகவே பாடுகளைத் தேடிப் போகவும் வேண்டாம், தப்ப வழியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூச்சப்படவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து, இப்போது வீட்டில் இருப்பது வலிதான், ஆபத்து என்று தெரியவில்லை. ஆபத்து இல்லையென்றால், தூக்கம் சரியாகி மனம் தெளியும்வரை அந்த முடிவைத் தள்ளிவையுங்கள். களைத்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளைப் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

அந்த அக்காவைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் அதுதான். ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் முன்பு கண்ணில் படாத ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறார். எங்களுக்கு வரும் உபத்திரவங்களில் தேவன் எங்களைத் தேற்றுகிறார், எந்த உபத்திரவத்தில் இருக்கிறவர்களையும் நாங்கள் தேற்றும்படியாக, என்று பவுல் எழுதியதன் பொருள் இப்படித்தான் வாழ்க்கையில் வரும். வளர்ச்சி என்றதும் கண்ணீரோடு துதிப்பதையும் பயமில்லாமல் பேசுவதையும் எதிர்பார்த்தீர்கள், அது வரவில்லை என்று வருந்துகிறீர்கள். வந்தது வேறு இடத்தில். அதனால், நான் வளரவில்லை என்ற உங்கள் முடிவை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவரிடம் உடனே சுவிசேஷம் சொல்ல வேண்டுமோ என்று பதற்றப்படாதீர்கள். சேர்ந்து உட்காருங்கள், அவர் பேசுவதைக் கேளுங்கள்.

கடைசியாக, சாட்சி. அடுத்த மாதம் வேண்டாம் என்பது என் ஆலோசனை. காயம் பச்சையாக இருக்கும்போது மேடையேறினால், வெற்றிக் கதையாகத்தான் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி வரும். உண்மையில் இல்லாத சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இன்னும் அதிகமாக வெறுமையாவீர்கள். தவிர, உங்கள் பெற்றோரைப் பற்றி நீங்கள் அங்கே சொல்லும் வார்த்தைகள் என்றைக்காவது அவர்கள் காதுக்குப் போகும். அதை நினைத்துப் பார்த்த பிறகே எதையும் பேச வேண்டும். உங்கள் போதகரிடம், “இப்போது முடியாது ஐயா, ஆனால் எனக்காக ஜெபிக்கும்படி சபையில் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். அவர் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். புரியவில்லை என்றால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். பின்னொரு நாள் சொல்லத் தோன்றினால் அந்த “இல்லை”யையும் சேர்த்துச் சொல்லுங்கள், சொல்ல உங்களுக்குத் தைரியம் இருந்தால். அந்தக் கூட்டத்தில் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வாய்திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது நிச்சயம் இருப்பார்.

மருத்துவரைப் பார்த்ததும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நான் தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.